இரண்டு பேர் மிஞ்சிய ஊர்

உங்கள் மகளும் அந்த விளையாட்டை விளையாடுகிறாள் என்று சொன்னீர்கள். இத்தனை வருஷமாகியும் அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்றும் கேட்டீர்கள். பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்டிருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் மூன்று நாளாக இந்த மேஜைக்கு முன்னால் என்னிடம் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான், மேடம். அதற்கு நான் சரியாகப் பதில் சொன்னால் மற்றதற்கெல்லாம் நீங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

அதில் ஒன்றுமே இல்லை. சதுரக் கட்டைகள்தான். மண்ணைத் தோண்டலாம், மரத்தை வெட்டலாம், கல்லை உடைக்கலாம். உடைத்ததை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது. கதை என்று ஒன்று இல்லாததால் முடிவும் இல்லை. உங்கள் முன்னால் ஒரு நிலத்தைப் போட்டுவிட்டு, உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை புதிதாக ஏதாவது சேர்ப்பார்கள்: ஒரு தவளை, ஒரு மரம், நிறம் மாறிய ஒரு கல். அந்தக் காலத்தில் இருந்த ருசி இப்போது இல்லை என்று பழைய ஆட்கள் புலம்புவார்கள். நான் புலம்பியதில்லை. ருசி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கூட ஓர் ஆள் வேண்டும். தனியாக விளையாடினால் அது வெறும் மண் சுமக்கும் வேலை. உங்கள் மகள் யாரோடு விளையாடுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டைவிட அது முக்கியம்.

எனக்குத் தம்பி இருந்தான்.

அம்மா போன வருஷம் எனக்கு இருபத்தாறு வயது, அவனுக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்பே இல்லை. மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவன் கட்டடப் படிப்பில் சேர்ந்திருந்தான். இரண்டு ஆண்கள் மட்டும் இருக்கிற வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். கதவைப் பூட்டினியா, பூட்டினேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு. நான் கடையிலிருந்து வந்தால் அவன் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் திரும்பிப் பார்த்து, "சும்மா நின்னுட்டே இருக்காத, உக்காந்து பாருண்ணா" என்றான். உட்கார்ந்தேன். திரையில் ஒரு மலைச்சரிவில் பொந்து மாதிரி ஒன்றைக் குடைந்து அதற்குள் போய், வாசலை மண்கட்டையால் அடைத்துக்கொண்டான்.

"இப்ப என்னடா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். வெளிய இருட்டிருச்சு. பூதம்லாம் சுத்தும். விடியற வரைக்கும் உள்ளயே இருக்கணும்."

அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதம் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கினேன். முன்னறையில் ஜன்னலோரம் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டோம். உங்கள் ஆட்கள் எடுத்த படத்தில் அவை இருக்கின்றன. இடையில் இரண்டடிகூட இருக்காது.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். இணையத்தில் எங்களுக்கென்று ஓர் இடம் எடுத்து, அதில் ஒன்பது பேர் குடியேறினோம். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆந்தை என்று ஒருவர், குண்டூசி என்று ஒரு பெண், சித்தப்பா என்று ஒரு பையன். பத்தொன்பது வயதிலேயே குரல் அப்படிக் கரகரவென்று இருந்ததால் அந்தப் பெயர். ஓர் ஊரையே கட்டினோம். முதலில் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்துவிட்டோம். பக்கத்தில் கடல் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கட்டியதை இடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. நாலு மாதம் ஆளுக்கொரு பக்கமாகத் தோண்டிக் கடலைக் கொண்டுவந்தோம். அந்த நாலு மாதமும் நான் சிரித்த மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் சிரித்ததில்லை.

ஆட்கள் போனதும் அப்படித்தான், ஒவ்வொருவராக. ஆந்தைக்குக் கல்யாணம் ஆனது. சித்தப்பா கப்பலில் வேலைக்குப் போனான். குண்டூசிக்கு இரட்டைக் குழந்தைகள். ஒருவர் காரணமே சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். வீடுகள் மட்டும் நின்றன. ஆள் இல்லாத வீட்டுக்குள் விளக்கு வைக்காமல் விட்டால் இருட்டில் பூதம் முளைக்கும், அது விளையாட்டின் விதி. அதனால் ஏழு வீட்டுக்கும் நான்தான் விளக்கு வைத்தேன். குண்டூசி வளர்த்த ஆடுகளுக்கு வேலி போட்டேன். பதினோராவது வருஷம் வந்தபோது நானும் தம்பியும்தான் மிச்சம்.

அதற்குள் அவன் ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வையாளனாக ஆகியிருந்தான். சட்டைக் காலரில் சிமெண்டுத் தூசியோடு வருவான். வந்து விளையாட உட்காருவான், பத்து நிமிஷத்தில் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி அவனுக்குப் பழக்கமாகியிருந்தாள். நல்ல பெண். அவளைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த தட்டோடு வந்து நின்றான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஆத்துப் பாலம் ஒண்ணு வருதில்ல, அதுல என்னை எடுத்துருக்காங்க. நாலு வருஷ வேலை. அங்கயே தங்கிடணும். அவளும் வர்றா. போய்க் கல்யாணத்த முடிச்சுக்கலாம்னு இருக்கோம்."

"அப்ப ஊரு?" என்று கேட்டேன்.

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எந்த ஊரு?" என்றான். அப்புறம் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஓ, அதுவா. அது எப்பவோ அலுத்துப்போச்சுண்ணா. நீ தனியா இருப்பியேன்னு உக்காந்துட்டிருந்தேன். உனக்கே இன்னும் அலுக்கலயா?"

அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் உதவியாளர் நேற்று எழுதிய காகிதத்தில் 'ஆத்திரத்தில்' என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் தட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கழுவி வைத்தேன். நல்ல விஷயம்டா என்றேன். நான் அதை மனதாரத்தான் சொன்னேன்.

உயரத்தில் நின்று செய்கிற வேலை என்பதால் சேர்வதற்கு முன்னால் உடல் தகுதிப் பரிசோதனை உண்டு. அதற்கு முந்தைய நாளும் அன்று காலையிலும் மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்து கொடுத்தேன். மருந்தின் பெயர் ஆய்வகத் தாளில் இருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வலி இல்லை, கசப்பு இல்லை. கொஞ்சம் தலை சுற்றும், கால் தளரும். அளவு தெரியாதவன் கையில் இருந்தால்தான் மருந்து விஷம் என்று எங்கள் கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். எனக்கு அளவு தெரியும். ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்திருந்தேன். தேர்வாகாமல் போவான், அந்த வேலைக்கு வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார்கள், ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பரிசோதனைக்காக ஏறச் சொன்ன சாரத்தின் இரண்டாவது தட்டிலேயே உட்கார்ந்துவிட்டானாம். கைத்தாங்கலாக இறக்கினார்களாம். ஆனால் வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நல்ல பையன், உடம்பைத் தேற்றிக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வரட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அவர்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் இவ்வளவும் அந்த ஒரு தயவினால் வந்தது.

இரண்டு மாதம் ஆறு மாதமானது. கை நடுங்க ஆரம்பித்தது. கட்டட வேலையையும் விட வேண்டியதாயிற்று. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர் அப்படி இல்லை, ஆனால் அது மாதிரி என்றார். எல்லா இடத்துக்கும் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விகளுக்கு அவனுக்குப் பதிலாக நானே பதில் சொன்னேன், அவனுக்கு நாக்குக் குழறும் என்பதால். ரத்தம் எடுக்கிற நாளுக்கு நாலு நாள் முன்னதாக மருந்தை நிறுத்திவிடுவேன். அந்த நாட்களில் தெம்பாக எழுந்து நடப்பான். "ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாலே பாதி நோய் ஓடிப்போயிருதுண்ணா" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். ரத்தம் எடுக்கிற நர்ஸம்மா ஒருமுறை அவன் காதுபட, "உனக்குன்னு இப்படி ஒரு அண்ணன் வாய்ச்சிருக்காரே, குடுத்து வச்சவன்பா நீ" என்றார். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த மூன்று வருஷங்களைப் பற்றி நீங்கள் வேறுவிதமாக நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன். கழுத்துவரை சாய்ந்துகொள்கிற நாற்காலி ஒன்றை வாங்கினேன். நடுங்குகிற கைக்கு ஏற்ற பெரிய பொத்தான் வைத்த மௌஸைத் தேடிப் பிடித்தேன். காலையில் குளிப்பாட்டி, துணி மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். ஆறு மணிக்கு நான் உள்ளே நுழைந்ததும் தலையைத் திருப்பி "வந்துட்டியா?" என்பான். மேடம், நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது யாராவது அப்படிக் கேட்கிறார்களா? கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஊர் வளர்ந்தது. எங்கே தூண் நிறுத்த வேண்டும், எங்கே வளைவு எடுக்க வேண்டும் என்று அவன் சொல்வான், நான் அடுக்குவேன். ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினோம். படித்தவன் படித்தவன்தான். அவன் கணக்குப் போட்டுச் சொன்னபடி கட்டியதால் அது அத்தனை அழகாக வந்தது. கடைசிக் கல்லை அவனையே வைக்கச் சொன்னேன். வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீச்சல் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். கல்யாணத்தைத் தள்ளிவைத்திருந்தார்களே தவிர அவள் விடவில்லை. அவன் அக்குளில் கை கொடுத்துக் கூடத்தில் நடக்க வைப்பாள். "இன்னும் நாலடி. ஏமாத்தக் கூடாது. என் குளத்துல அஞ்சு வயசுப் புள்ளைங்க உன்னைவிட நல்லா உதைக்குதுங்க" என்று அதட்டுவாள். அவனுக்கு வியர்க்கும், முகம் சிவக்கும், ஆனால் நடப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தான். அதனால் சனிக்கிழமை அளவைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது.

சென்ற வருஷம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. பலவீனமான உடம்புக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் வந்து அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் படுக்கையில் கிடந்தேன், தடுக்கிற நிலையில் இல்லை. பதினோரு நாள். கொண்டுவந்து விட்டபோது அவன் வாசற்படியைத் தானாக ஏறி உள்ளே வந்தான். அவள் பின்னாலேயே நின்றாள்.

"அண்ணா, எங்க வீட்ல டம்ளரை ஒத்தக் கையால புடிச்சான். மாடி ஏறினான். எங்கம்மாகூட ஆச்சரியப்பட்டாங்க" என்றாள்.

"காத்து மாறினது ஒத்துக்கிட்டிருக்கும்மா" என்றேன்.

"காத்தா?" என்று கேட்டாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்து அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து மேஜைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுங்காமல் இருந்தன. மறுநாள் காலை டீயைக் கொண்டுபோய் வைத்தபோது, ஆறிப்போகிற வரைக்கும் அதைத் தொடவில்லை. "குடிடா" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு எடுத்துக் குடித்தான். முழுதாகக் குடித்தான்.

அந்த வாரக் கடைசியில் அவனாகவே அவளுக்கு போன் செய்தான். நான் சொல்லிச் செய்தது இல்லை. இதை அவளிடமே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். "இனிமே வராத. எனக்காக உன் வயசை வீணாக்காத. நான் இங்க அண்ணன்கூட இருந்துக்கறேன்" என்றான். அந்தப் பக்கத்தில் அவள் அழுதது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, "ஆட்டம் போடலாமாண்ணா?" என்று கேட்டான். அவனாக அப்படிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம். புதன்கிழமை காலை குளிப்பாட்டுவதற்காக எழுப்பப் போனேன், உடம்பு சில்லிட்டிருந்தது. நான் அளவில் தப்பவில்லை. அவன் உடம்பின் கணக்குத்தான் தப்பிவிட்டது. சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்பதை நான் இன்னும் கவனித்திருக்க வேண்டும். துக்கத்துக்கு அவளும் வந்தாள். ஓர் ஓரமாக நின்றாள், அழவில்லை. தொட்டியில் கிடந்த அவனுடைய டம்ளரைப் பையில் போட்டு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். நானே கழுவி வைத்திருப்பேன். ஆனால் சாவு வீட்டில் சொந்தக்காரனை ஒரு வேலையும் செய்ய விட மாட்டேன் என்கிறார்கள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கொடுத்தேன். வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவை விட்டுவிடுங்கள், பாவம், அவர் சோறு மட்டும்தான் ஊட்டினார். மூன்று வருஷம் இரண்டு மாதம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாலு நாலு நாட்களும் எனக்கு அம்மை போட்ட பதினோரு நாளும் நீங்கலாக. என் தம்பியை நான் கொன்றுவிட்டேன் என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொல்வதற்காகக் கொடுக்கவில்லை என்று கீழே ஒரு வரி சேர்க்க முடிந்தால் நல்லது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது உங்கள் கோப்பில் இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் ஆட்கள் ஊரைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள், ஆனால் சுவரை உடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பாலத்துக்கு வடக்கே, நான் மட்டும் கல் வெட்டப் போகிற சுரங்கத்தில், அவன் அவளுக்கு போன் செய்த மூன்றாம் நாள் ஒரு பலகையைப் பார்த்தேன். அந்த விளையாட்டில் பலகை நட்டு அதில் எழுதி வைக்கலாம், நாலே நாலு சின்ன வரிகளுக்குத்தான் இடம் இருக்கும். நான் கடையில் இருந்தபோது நட்டிருக்கிறான். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி, எழுத்து எழுத்தாகத் தட்டி முடிக்க அவனுக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கும். இப்படி எழுதியிருந்தான்:

அண்ணா
மாத்திரை போதும்
நான் எங்கயும்
போகல

வாயாலேயே சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜையில்தான் இருந்தான். திரும்பிப் பார்த்தேன், கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தான். பலகைக்கு முன்னால் நல்ல கல்லாகப் பார்த்துச் சுவர் எழுப்பி மூடினேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எங்கேயும் போகவில்லை என்று அவன் வாயாலேயே சொன்ன மாதிரிதானே. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தபிறகு, அதைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறவன் நல்ல மருந்துக்கடைக்காரனாக இருக்க முடியாது.